பவுடர் கேட்ட மருமகனுக்கு



உன் வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. "மாமா, நல்ல புரோட்டீன் பவுடர் ஒண்ணு சொல்லுங்க. மூணாவது மாட்ச்ல கால் வரமாட்டேங்குது" என்று கேட்டிருந்தாய். கீழே ஒரு டப்பாவின் படம். விலை 3,400 ரூபாய். அதற்கும் கீழே கும்பிடு போடும் கை மூன்று. நீ மாமாவைக் கும்பிடுவது இந்த மாதிரி சமயத்தில்தான் என்பது எனக்குத் தெரியும், அது கிடக்கட்டும். செய்தி வந்த நேரத்தைப் பார்த்தேன். இரவு 1.10. உன் கேள்விக்குப் பதில் அதற்குப் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் இருந்தது. அதை மட்டும் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து கடிதமே எழுதுகிறேன்.

மறுநாள் போன் பண்ணி, "எத்தனை மணிக்குப் படுக்கிற, எத்தனை மணிக்கு எந்திரிக்கிற?" என்று கேட்டேன். "பன்னெண்டரை, ஒண்ணு ஆயிடும் மாமா. காலைல கிரவுண்டுக்கு நாலே முக்காலுக்கு எந்திரிக்கணும். நாலு மணி நேரம் போதும், பழகிருச்சு" என்றாய். அந்தப் 'போதும்' என்ற சொல்லுக்காகத்தான் இவ்வளவு மையைச் செலவழிக்கிறேன்.

போன மாதம் உங்கள் ஊர் மின்னொளிக் கபடிக்கு நான் வந்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பத்து மணிக்கு முதல் மாட்ச். நீ பாடிப் போன அழகைப் பார்த்து என் பக்கத்தில் இருந்த பெரியவர், "யாரு பையன்?" என்று கேட்டார். "என் அக்கா மகன்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அந்த மாட்ச்சில் ஒரு ரைடு. போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டப் போனவன், நீட்டாமல் சட்டென்று பின்வாங்கினாய். எதிரணி இடது கார்னர்காரன் வெறும் மண்ணைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவன் பாய்வதற்கு முன் அவனுடைய வலது குதிகால் மண்ணைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியது. நீ அதைப் பார்த்துவிட்டாய். பெரியவரிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தாலும் நானும் அதைப் பார்த்தேன்.

மூன்றாவது மாட்ச் ஆரம்பிக்கும்போது மணி 2.40. ஃபோகஸ் லைட்டைச் சுற்றிப் பூச்சி மொய்க்கிறது. மைக்காரர் தொண்டை கட்டி இருமுகிறார். பாதிக் கூட்டம் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கிவழிகிறது. நீ அதே போனஸ் கோட்டுக்கு அதே காலை நீட்டுகிறாய். இந்தக் கார்னர்காரனுக்கும் குதிகால் எழும்பியது, முந்தினவனை விட நன்றாகவே. நீ அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாய், ஆனால் பார்க்கவில்லை. கணுக்காலைப் பிடித்துவிட்டான். வெளியே வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் "ஸ்டாமினா பத்தலடா" என்றார்கள். நீயும் தலையாட்டினாய். மருமகனே, அன்றைக்குக் கால் உன்னைக் கைவிடவில்லை. கண்ணுக்கும் காலுக்கும் நடுவில் சேதி சொல்கிறவன் தூங்கிப்போயிருந்தான்.

கணக்குப் போட்டுப் பார். காலையில் நாலே முக்காலுக்கு எழுந்தாய். இரவு 9.45க்கு, அதாவது முதல் மாட்ச்சுக்கு நீ வார்ம்-அப் செய்யும்போதே, விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. 17 மணி நேரம் கண் விழித்திருப்பவனின் கண்ணும் கையும் இசைந்து செயல்படும் திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவனுக்கு எவ்வளவு மந்தப்படுமோ அவ்வளவு மந்தப்படும் என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் அளந்து பார்த்துச் சொன்னார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். மூன்றாவது மாட்ச்சின்போது நீ விழித்து 22 மணி நேரம். குடித்துவிட்டு வந்தவனை உங்கள் டீமில் ரைடுக்கு அனுப்புவீர்களா? தூங்காமல் வந்தவனை மட்டும் "சிங்கம்டா" என்று முதுகில் தட்டி அனுப்புகிறீர்கள். இன்னொன்று, விடியக்காலையில் உங்களை வேனில் கூட்டிக்கொண்டு திரும்புகிறாரே, அந்த டிரைவரும் உங்களோடுதான் விழித்திருந்தார். அதையும் கொஞ்சம் யோசி.

"அதெல்லாம் பழகாதவங்களுக்கு மாமா, எனக்குப் பழகிருச்சு" என்று இப்போது சொல்வாய். இதற்காகத்தான் காத்திருந்தேன். அமெரிக்காவில் 48 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்து 2003இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் தினமும் 6 மணி நேரம்தான் படுக்கலாம். கவனிக்கவும், ஆறு. உன் நாலு இல்லை. இரண்டு வாரம் முடிவதற்குள் அவர்களுடைய கவனம், ஒன்றிரண்டு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் நிலைக்கு இறங்கிவிட்டது. வேடிக்கை அதில் இல்லை. "தூக்கம் வருகிறதா, எப்படி இருக்கிறது?" என்று தினமும் கேட்டபோது, முதல் சில நாள் சிரமப்பட்டவர்கள் பிறகு "பரவாயில்லை" என்றே சொல்லிவந்தார்கள். தவறு கூடிக்கொண்டே போகிறது, அது அவர்களுக்குத் தெரியவில்லை. உனக்குப் பழகியது தூக்கக் குறைவு இல்லை, மந்தம். எப்போதும் மந்தமாகவே இருப்பவனுக்கு அதுதான் தெளிவு என்று தோன்றும்.

சரி, தூங்கினால் அப்படி என்ன கிடைக்கிறது? பவுடர் டப்பாவில் எழுதியிருப்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. காலையில் தண்டால் எடுக்கிறாய், ஸ்குவாட் போடுகிறாய். அப்போது உடம்பு வளரவில்லை, அடிபடுகிறது. நுணுக்கமாகப் பார்த்தால் தசையில் கிழிசல் விழுகிறது. அதைத் தைத்து முன்பைவிடக் கொஞ்சம் தடிமனாக்குகிற வேலை ஓய்வில் நடக்கிறது. அதற்குக் கைகொடுக்கும் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது இரவின் முதல் பகுதியில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில். உன் அம்மா போடுகிற முட்டையும் கடலையும் செங்கல், சிமெண்ட் மாதிரி. கொத்தனார் வருவது ராத்திரியில். ஆளை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு, இன்னும் 3,400 ரூபாய்க்குச் செங்கல் இறக்கு என்கிறாய்.

"அப்ப முதல் பகுதி கிடைச்சா போதும்ல, நாலு மணி நேரத்துல அது வந்துருமே" என்று கெட்டிக்காரத்தனமாகக் கேட்பாய். உன் தாத்தா வக்கீல் குமாஸ்தா, அந்த ரத்தம் பேசும். பின்பகுதிக்கு வேறு வேலை இருக்கிறது. ஹார்வர்டில் 2002இல் ஒரு சோதனை. விரல்களை ஒரு வரிசையில் வேகமாகத் தட்டப் பழகச் சொன்னார்கள். காலையில் பழகியவர்களைப் பகல் முழுக்க விழித்திருந்த பிறகு தட்டச் சொன்னால் பெரிய முன்னேற்றம் இல்லை. ஓர் இரவு தூங்கி எழுந்தவர்கள் சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள், அதுவும் நடுவில் ஒருமுறைகூடப் பழகாமல். அந்த முன்னேற்றம் விடியலை ஒட்டிய கடைசிக் கால் பங்குத் தூக்கத்தோடு தொடர்புள்ளதாக இருந்தது. நீ சாயங்காலம் நூறு தடவை போட்டுப் பழகும் 'டோ டச்' உன் காலில் குடியேறுவது அந்த நேரத்தில்தான். நீ அலாரம் வைத்து வெட்டி எறிவதும் சரியாக அந்தத் துண்டைத்தான். கூலி கொடுக்கிற நேரம் பார்த்துக் களத்தைவிட்டு எழுந்து போகிறவனைக் கெட்டிக்காரன் என்று யாராவது சொல்வார்களா?

விளையாட்டுக்காரர்களை வைத்தே பார்த்திருக்கிறார்களா என்று கேட்டால், பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர்கள் 11 பேர். ஐந்து முதல் ஏழு வாரம் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 2011இல் வந்த முடிவு இது: 282 அடி ஓட்டத்தில் 16.2 வினாடி எடுத்துக்கொண்டவர்கள் 15.5க்கு வந்தார்கள். ஃப்ரீ த்ரோ குறி 9 சதவீதம் கூடியது. சின்ன ஆய்வுதான், பதினோரு பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. பி.டி. வாத்தியாராக நானே அதைச் சொல்லிவிடுகிறேன், நீ குறை கண்டுபிடித்துச் சந்தோஷப்பட வேண்டாம். ஆனால் உன் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் இந்த அளவு நேர்மையாவது இருக்கிறதா என்று பார். ஒரு ரைடே 30 வினாடி. அதில் முக்கால் வினாடி என்பது நடுக்கோட்டில் கை படுவதற்கும் படாததற்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். "பிரக்ஞானந்தா நடுராத்திரி ரெண்டு மணிக்கு ஆடிக் கார்ல்சனையே ஜெயிக்கலையா?" ஜெயித்தார். 2022 பிப்ரவரி, ஆன்லைன் செஸ் போட்டி, அவருக்கு 16 வயது. ஆட்டம் முடிந்ததும் இந்த வெற்றியை எப்படிக் கொண்டாடப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். போய்ப் படுக்கப் போகிறேன் என்கிற மாதிரிதான் பதில் சொன்னார். அவர் விழித்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறது, படுக்கப் போனது மறந்துவிட்டது. உலகச் சாம்பியனைத் தோற்கடித்த ராத்திரியில் அந்தப் பையனுக்குப் படுக்கத் தோன்றியிருக்கிறது. கல்லூரி விட்டு வந்து ரீல்ஸ் பார்க்கும் உனக்குத் தோன்றவில்லை.

என் முட்டியைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. சின்ன வயதில் என் தழும்பைக் காட்டி "இது என்ன மாமா?" என்று கேட்பாய். புலி கடித்தது என்பேன், நீயும் நம்புவாய். அது புலி இல்லை. எனக்கு அப்போது 23 வயது. வெள்ளி ராத்திரி ஒரு ஊரில் டோர்னமென்ட், சனி ராத்திரி இன்னொரு ஊரில். நடுவில் லாரியின் பின்னால் உட்கார்ந்தபடி கோழித் தூக்கம். இரண்டாவது இரவு அரையிறுதி, விடிய ஒரு மணி நேரம் இருக்கும். யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. திரும்பினேன், பாதம் மண்ணிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. 'டொப்' என்று ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது. அன்றோடு சரி. பிறகு விசில் ஊதுகிற வேலைக்கு வந்துவிட்டேன். தூக்கம்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை, நானும் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அமெரிக்காவில் பள்ளி வயது விளையாட்டுக்காரர்கள் 112 பேரைப் பார்த்து 2014இல் எழுதிய ஒரு கட்டுரையில், இரவு 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவர்களுக்குக் காயம் படும் வாய்ப்பு 1.7 மடங்கு என்று படித்தபோது, என் கை தானாக முட்டிக்குப் போனது.

"டோர்னமென்ட்டே ராத்திரிதானே நடக்குது, நான் என்ன செய்ய?" இது ஒன்றுதான் நியாயமான கேள்வி. போட்டி நடத்துகிறவர்களை மாற்ற உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. வெயிலில் யாரும் கூட்டம் கூடமாட்டார்கள். உன்னால் முடிந்தது நாலு காரியம்.

சனிக்கிழமை டோர்னமென்ட் என்றால் திங்கள்கிழமையிலிருந்தே இரவு ஒரு மணி நேரம் கூடத் தூங்கு. பானையை முன்கூட்டியே நிரப்பி வைப்பதுதான் இது. சனிக்கிழமை காலைப் பயிற்சிக்குப் போகாதே, வாத்தியாரிடம் சொல்லிவிடு. அவர் முறைத்தால் என் நம்பரைக் கொடு. மதியம் சாப்பிட்டதும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படு. பிரிட்டனில் முந்தின இரவு 4 மணி நேரமே தூங்கிய பத்துப் பேரை மதியம் அரை மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். அதற்கே ஓட்ட வேகம் கூடியது. போட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கோப்பையைக் காட்ட ஊர் சுற்றாதே. கோப்பை எங்கும் ஓடாது. ஞாயிற்றுக்கிழமை எழுகிற வரைக்கும் தூங்கு.

டீ குடித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதே. டென்னிஸ்காரர்களை 5 மணி நேரம் மட்டும் தூங்கவைத்து செர்வ் போடச் சொன்னார்கள். குறி தவறியது. காபீன் கொடுத்தும் பார்த்தார்கள், குறி திரும்பவில்லை. உள்ளே போன காபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். சாயங்காலப் பயிற்சி முடிந்து நீங்கள் வட்டமாக நின்று குடிக்கிற அந்த டபுள் ஸ்ட்ராங் டீ நடுராத்திரியிலும் உன் தலைக்குள் விசில் ஊதிக்கொண்டிருக்கும்.

போனைப் பற்றி நான் சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்பாய். பேட்மிண்டன் சிந்து 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியபோது, மூன்று மாதமாக அவருடைய போன் தன்னிடம்தான் இருந்தது என்று பயிற்சியாளர் கோபிசந்த் சொன்னார். உன்னிடம் மூன்று மாதம் கேட்கவில்லை. இரவு சாப்பிட்டதும் போனைச் சமையல்கட்டில் சார்ஜில் போட்டுவிட்டு மாடிக்குப் போ. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்று சொல்லாதே. 150 ரூபாய்க்குக் கடிகாரம் கிடைக்கிறது.

இனி வருவதை அம்மாவிடம் வாசித்துக் காட்டு. அக்கா, காலேஜ் இல்லாத நாளில் இவன் ஏழரை மணிவரை தூங்கினால் "வெயில் முதுகுல அடிக்குது, இன்னும் எருமைமாடு மாதிரி" என்று ஆரம்பிக்காதே. இந்த வயதில் உடம்புக் கடிகாரமே கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும். சோம்பேறித்தனம் இல்லை, வளர்ச்சி. கலிபோர்னியாவில் இதற்காகவே உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று சட்டம் போட்டு 2022இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். குழம்பில் உப்புக் குறைந்ததற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான் என்று என்னிடம் அழுதாயே, அந்தக் கோபமும் பாதி தூக்கமில்லாத கோபம்தான். மீதிப் பாதி அவன் அப்பா வழியாக வந்தது, அதற்கு மருந்து இல்லை. மாதம் ஒருமுறை சளி பிடிக்கிறது என்றாய். மூக்கில் சளிக் கிருமியை விட்டே சோதித்திருக்கிறார்கள். 7 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு, 8 மணி நேரம் தூங்குகிறவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. ராத்திரி பதினொரு மணிக்கு மிக்சர் டப்பாவைக் காலி செய்வதும் அப்படித்தான். இரண்டு இரவு நாலு மணி நேரம் தூங்கினாலே பசியைக் கிளப்பும் ஹார்மோன் ஏறும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் இறங்கும்.

மருமகனே, வாசித்து முடித்தாயா? அம்மா சிரித்தாளா? நல்லது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. உன் குணம் எனக்குத் தெரியும். எதை எடுத்தாலும் தலைகீழாக நிற்பாய். நாளையிலிருந்து தூக்கத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு, பெரிய மாட்ச்சுக்கு முந்தின இரவு "ஐயோ தூக்கம் வரலையே" என்று புரளாதே. அந்த இரவு யாருக்கும் சரியாக வராது. ஓர் இரவு குறைந்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். முந்தின இரண்டு வாரம் எப்படித் தூங்கினாய் என்பதுதான் கணக்கு. நண்பன் கொடுத்தான் என்று மாத்திரை எதையும் தொடாதே. எட்டு மணி நேரம் தொடர்ந்து தூங்கியும் பகலெல்லாம் கண்ணைச் சொருகினால் என்னிடம் சொல், டாக்டரிடம் போவோம்.

ஒப்பந்தம் ஒன்று போடலாம். மூன்று வாரம், தினமும் எட்டு மணி நேரம். படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் நோட்டில் எழுது. பொய் எழுதினால் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அதன் பிறகு வரும் டோர்னமென்ட்டுக்கு நான் வருகிறேன். மூன்றாவது மாட்ச்சில் கார்னர்காரனின் குதிகால் உனக்குத் தெரியவில்லை என்றால், அந்தப் பவுடரை நானே வாங்கித் தருகிறேன்.

3,400 ரூபாயில் இப்போதைக்கு 600 மட்டும் செலவாகியிருக்கிறது. மாடியில் கொசு கடிக்கிறது, அதனால்தான் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன் என்று போன பொங்கலுக்கு நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. இன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் உன் பெயருக்கு ஒரு பார்சல் வருகிறது. ஒற்றை ஆள் கொசுவலை. நாலு மூலைக்கும் கயிறு உள்ளேயே வைத்திருக்கிறேன்.

உன்
தாய்மாமன்